போ குடை என்ற கட்டளை

நான் வேலை செய்த ஸ்டூடியோவில் ஒரு கல்யாணத்தின் படங்களைத் தேடி எடுப்பதைவிட ஒரு கல்யாணத்தையே பேசி முடிப்பது சுலபம் என்று சொல்லிச் சிரிப்போம். கண்டி நகரத்தில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் அந்த ஸ்டூடியோ இருந்தது. யுத்தத்தின் கடைசி வருடங்கள். வடக்குக்குப் போகும் வீதி மூடப்பட்டிருந்தது. நகரத்தில் ஆள் கூடும் இடமெல்லாம் மண் மூட்டையும் துவக்கு ஏந்திய இராணுவமும். ஆனாலும் சனங்கள் கல்யாணம் கட்டாமல் இருக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று கல்யாணங்களாவது எங்களிடம் வரும்.

படங்கள் எல்லாம் ஒரு பெரிய கம்பியூட்டரில் கிடந்தன. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களில் வந்த வைரஸ் ஒன்று பழைய கம்பியூட்டரை ஒரு தடவை முழுங்கிவிட்டது. அதன் பிறகு, தன் தங்கையின் கல்யாணத்துக்குப் படம் பிடிக்க எங்களை ஏற்பாடு செய்ய வந்த ஒரு பொறியியல் மாணவர், வைரஸ் அண்டாத லினக்ஸைப் போட்டுத் தந்தார். அந்த மனுசன் நல்லவர்தான். ஆனால் ஒழுங்குப் பைத்தியம். படங்களை வருடம், மாதம், சமயம், மண்டபம், மாப்பிள்ளையின் முழுப் பெயர், எடுத்த படம், திருத்திய படம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கிவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். தொட்டுத் திறக்க ஒரு சின்னப் படம்கூடத் திரையில் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. எங்கே போகவேண்டும் என்று நாமே தட்டிச் சொல்லவேண்டும். அந்த எழுத்துப் பேச்சு நடக்கும் இடத்துக்குத்தான் ஷெல் என்று பெயர். சீ, டீ என்று இரண்டு எழுத்தைத் தட்டி, அதற்குப் பின்னால் அந்த நீள வழி முழுவதையும் தட்டினால்தான் உரிய ஃபோல்டருக்குப் போகலாம். ஒரு கோடு தவறினாலும் முதலிலிருந்து. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

எனக்கோ பொறுமை மட்டு. நகரத்தை ஒட்டிய மஹய்யாவயிலிருந்து கணக்கு படித்து வந்தவள் நான். அப்பா மாநகரசபையில் வேலை செய்தார். எங்கள் தெருவில் கம்பியூட்டர் வேலைக்குப் போன முதல் பெண் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு நடந்தே போகலாம். அந்தச் சின்னத் தூரத்துக்குள்ளேயே "கொஹெத யன்னே?" என்று, எங்கே போகிறாய் என்று, சிங்களத்தில் இரண்டு சோதனைச் சாவடியில் கேட்பார்கள். அடையாள அட்டையைக் காட்டி, முகவரி சொல்லி, வேலை செய்யும் இடம் சொல்லி மேலே ஏறி வந்து உட்கார்ந்தால், இந்தக் கம்பியூட்டரும் அதையேதான் கேட்கிறது. எங்கே போகிறாய், வருடம் என்ன, மாதம் என்ன, சமயம் என்ன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில் எழுதியதுதான் 'போ'. ஒரு பக்கம்கூட வராத சின்னப் புரோகிராம். வேண்டிய ஃபோல்டருக்கு ஒரே ஒரு தடவை நீள வழியில் போய், 'போ வை' என்று தட்டி ஒரு குட்டிப் பெயர் கொடுத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு எங்கே நின்றாலும் 'போ' என்று அந்தப் பெயரைத் தட்டினால் நேரே அங்கே இறக்கிவிடும். பெயர் வேண்டாமென்றால் 'போ எடு'. இல்லாத பெயரைக் கேட்டால் 'அப்படி ஒரு இடம் இல்லை' என்று திரையில் வரும். எல்லாம் இங்கிலீஸ் எழுத்தில் எழுதிய தமிழ். கூடவே 'அனுப்பு' என்று இன்னொன்றும் எழுதினேன். படத்தின் இலக்கத்தைச் சொன்னால் அது பக்கத்து மேசையில் இருந்த பிரிண்ட் மெசினுக்குப் போய்விடும்.

முதலாளிக்கு அது ஒரு மாயமாகத் தெரிந்தது. அவர் கலகெதரயைச் சேர்ந்த முஸ்லிம். ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்பார். இரண்டு விரலால் தட்டுவார். அதுவரை படம் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டுவிட்டுப் பின்னால் கைகட்டி நிற்பவர், 'போ' வந்த பிறகு தானே உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்.

"மகள், இது நல்ல வேல. இனி நீங்க இல்லாட்டியும் எனக்குக் கட நடத்தேலும்" என்றார். அது பாராட்டா, வேலைக்கு உலையா என்று எனக்குப் புரியவில்லை.

பெயர் வைப்பதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு போட்டார். வாடிக்கையாளரின் பெயரை வைக்கக் கூடாது. சத்தமாகச் சொல்லவும் கூடாது. எங்கள் கவுண்டரும் கம்பியூட்டரும் ஒரே அறையில்தான், நடுவில் ஒரு திரைச்சீலை மட்டும். பாஸ்போட் சைஸ் படத்துக்கு ஆமிக்காரர்களும் பொலிஸ்காரர்களும் நாள் முழுக்க வருவார்கள். எங்கள் நாட்டில் பெயர் என்பது பாதி அடையாள அட்டை. சொன்ன உடனே சாதி சமயம் தெரிந்துவிடும், கொஞ்சம் காது கூர்மையானவர்களுக்கு மாவட்டமும் தெரிந்துவிடும். அதனால் படத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம். மணவறையில் கொட்டாவி விட்ட மாப்பிள்ளைக்குத் 'தூக்கம்'. பச்சைச் சேலை கட்டிய பெண்ணுக்கு 'மாங்காய்'. கேக் சரிந்து விழுந்த கல்யாணத்துக்குப் 'பூகம்பம்'. "மாங்காய் முடிஞ்சிச்சா?" "தூக்கத்துக்கு ரெண்டு படம் கூட வேணுமாம்." இப்படித்தான் எங்கள் பேச்சு. ஆமிக்காரர்கள் எங்களைச் சற்றுக் கழன்றவர்கள் என்று நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும்.

'குடை' என்று பெயர் வைத்தது ஒரு டீச்சரின் கல்யாணத்துக்கு. அவர் யாழ்ப்பாணம். பல்லேகலப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டு, அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மாப்பிள்ளையும் யாழ்ப்பாணம்தான். கண்டியில் ஒரு கட்டடக் கம்பனியில் படம் வரைகிற வேலை. பாதை பூட்டியதால் இரண்டு பக்கத்துத் தாய் தகப்பனும் வர முடியவில்லை. நகரத்துக் கோயிலில், டீச்சரோடு படிப்பிக்கிற நாலைந்து பேரும் கம்பனிக்காரர் சிலரும் நிற்கத் தாலி கட்டினார்கள். தாலி கட்டி வெளியே வரக் கண்டி மழை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை யாரிடமோ ஒரு கிழிந்த குடையைப் பிடுங்கி, டீச்சரின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்தபடி வாயெல்லாம் பல்லாக வருகிறார். எங்கள் சிங்களக் கமராக்காரர் எடுத்த படங்களிலேயே அதுதான் எனக்குப் பிடித்தது.

கல்யாணம் முடிந்த கையோடு ஆல்பத்துக்குப் படம் தெரிவு செய்கிற ஜோடி உலகத்தில் இல்லை. இவர்களும் அப்படித்தான், மாதக் கணக்காக இழுத்தார்கள். சனிக்கிழமைகளில் வருவார்கள். மாப்பிள்ளைக்கு எல்லாப் படமும் வேண்டும். டீச்சருக்கு எந்தப் படத்திலும் தன் மூக்கு சரியில்லை.

"தங்கச்சி, நீங்களே சொல்லுங்கோ. இதில நான் வடிவா இருக்கிறனோ இல்லையோ?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்பார்.

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. டீச்சர்தான் முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க" என்பேன்.

"பாத்தியே? ஊருக்கே தெரியுது" என்று மனைவியைச் சீண்டுவார். டீச்சர் அவருடைய தோளில் அடிப்பார். அப்புறம் பஸ் போய்விடும் என்று எழுந்து ஓடுவார்கள். இப்படியே ஆல்பம் அடிக்கப்படாமல் கிடந்தது. ஒரு படம்கூட அவர்கள் கையில் போய்ச் சேரவில்லை.

கொழும்பில் குண்டு வெடித்த ஒரு கிழமையில், கம்பனி வேலையாக அங்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் இரண்டு பெடியன்களையும் இறக்கினார்களாம். கொண்டுபோனவர்கள் பொலிஸா, ஆமியா, வேறு யாருமா என்று பஸ்ஸில் இருந்த யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார்களா என்பது வேறு கதை. கமராக்காரர்தான் ஒரு காலையில் இந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். "அர குடே மாத்தயா" என்றார், அந்தக் குடைக்காரர் என்று. பெயர் சொல்லாமல் பழகியது அந்த நேரத்திலும் மாறவில்லை.

ஹாஜியார் அன்றைக்குத் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார். பிறகு திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மகள், அந்தக் கொட ஈக்குதே, அத அழிச்சிருங்கொ."

"ஹாஜியார், அவங்க இன்னும் ஒரு படம்கூட எடுத்துட்டுப் போகலீங்க."

"எனக்குத் தெரியும். நாளைக்கு யாரும் வந்து, இவன்ட கலியாணத்துக்கு யாரெல்லாம் வந்த, காட்டு எண்டு கேட்டா நான் என்னத்தச் செய்ய? எனக்கு மூணு பொம்புளப் புள்ளைகள் ஈக்கி. அழிச்சிருங்கொ மகள்."

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. கலவர வருடங்களில் தன் கடைக்குப் பக்கத்துக் கடைகள் எரிந்ததை நின்று பார்த்தவர். எரிந்தது தமிழர் கடை, எரித்தவர்களுக்கு அடுத்தது யாருடையது என்பது பெரிய விசயமாக இருக்கவில்லை என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவர் பயம் நியாயமான பயம். ஆனால் எனக்கு வந்தது பயமில்லை. கோபம்தான் வந்தது. ஒரு மனுசனைப் பஸ்ஸிலிருந்து இறக்கியது போதாதென்று, அவன் மழையில் சிரித்ததையும் நானே என் கையால் இல்லாமலாக்க வேண்டுமா என்று நெஞ்சு கொதித்தது.

நான் எதிர்த்துப் பேசவில்லை. திட்டமும் போடவில்லை. 'போ எடு குடை' என்று தட்டினேன்.

அது பெயரை மட்டும்தான் எடுக்கும். ஃபோல்டரை எடுக்காது. சந்தியில் நிற்கிற கைகாட்டி மரத்தைப் பிடுங்கினால் ஊர் அழிந்தா போகும்? வழக்கமாக ஓர் ஆல்பம் கையில் கொடுக்கப்பட்ட பிறகு, நான் இறுவட்டில் பிரதி எடுத்து, ஃபோல்டரை அழித்து, கடைசியாகத்தான் இந்தப் பெயரை எடுப்பேன். ஹாஜியார் எப்போதும் கண்டது அந்தக் கடைசி வரியை மட்டும்தான். இரண்டு வருடமாகக் குட்டிப் பெயரில் போய் வந்து பழகியதில், அவருக்குப் பெயரும் இடமும் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தன. பெயருக்குப் பின்னால் ஒரு நீள வழி இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. எங்கள் கடையில் என்னைத் தவிர எல்லோருக்குமே மறந்துவிட்டது.

"கொஞ்சம் எழும்புங்கொ" என்றார். உட்கார்ந்து, தன் இரண்டு விரலால் 'போ குடை' என்று தானே தட்டிப் பார்த்தார். அப்படி ஒரு இடம் இல்லை என்று வந்தது. நீண்ட மூச்சு விட்டார். "அல்லா அந்தப் புள்ளையக் காப்பாத்தணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இருந்தது.

அடுத்த கிழமை டீச்சர் வந்தார். தனியாக. நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தேன்.

"ஹாஜியார், எனக்கு அவற்ற படம் ஒண்டு வேணும். எங்க போனாலும் போட்டோ இருக்கோ எண்டுதான் முதல் கேக்கினம். அடையாள அட்டை அவரோட போயிட்டுது. வீட்டில இருக்கிற படமெல்லாம் யாழ்ப்பாணத்தில. ஒண்டு போதும். முகம் தெரிஞ்சாக் காணும்."

"டீச்சர்... கம்பியூட்டர் பழுதாப் பெய்த்து. எல்லாம் அழிஞ்சி போச்சி" என்று ஹாஜியார் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது. குரல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

டீச்சர் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "ஒண்டுகூட இல்லையோ?" என்று மட்டும் இரண்டாம் தடவை கேட்டார். பிறகு படி இறங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முடியும்வரை நான் என் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை ஹாஜியார் ஜும்மாத் தொழுகைக்குப் போனால் கடையில் நானும் கமராக்காரரும்தான். அவரும் பகல் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். நான் நீள வழியில் போனேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் தலையில் இருந்தது. வருடம், மாதம், சமயம், கோயில், மாப்பிள்ளையின் முழுப் பெயர். அந்தக் குடைப் படத்தில் மாப்பிள்ளையின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். நனைந்த தலைமுடியோடு, சிரித்தபடி. அரசாங்கக் கந்தோருக்கு, அலுவலகத்துக்கு, கொடுக்கிற படத்தில் சிரிக்கக் கூடாது என்று எங்களிடம் வருகிற எல்லோருக்கும் நான்தான் சொல்வேன். ஆனால் எல்லாப் படத்திலும் பார்த்துவிட்டேன், அந்த மனுசன் சிரிக்காத படம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு அச்சடிக்க இருந்த பாஸ்போட் படங்களோடு சேர்த்து ஒரு தாள் அடித்து, வெட்டி, கடதாசி உறையில் போட்டுக் கைப்பையின் அடியில் வைத்தேன். பக்கத்து மேசையில் காய்ந்துகொண்டிருந்த மற்றப் படங்கள் எல்லாம் ஆமிக்காரர்களுடையவை.

மறுநாள் சனிக்கிழமை, ஓடர் புத்தகத்தில் இருந்த முகவரியைப் பார்த்துக்கொண்டு பல்லேகலவுக்குப் பஸ் ஏறினேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். எங்களுக்கு மடியில் ஒன்றும் இல்லாத நாளிலேயே வழியில் பயம். அன்றைக்குக் கனமும் இருந்தது. மகாவலிப் பாலத்தடியில் எல்லோரையும் இறக்கிப் பையைப் பார்த்தார்கள். பெண்களைப் பார்க்க என் வயதில் ஒரு ஆமிப் பெண். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பது சரிதான், அவள் திற என்று சொன்னதும் என் பையின் சிப் திறக்கவே மாட்டேன் என்றது. அவளே பிடுங்கித் திறந்தாள். கையை விட்டுத் துழாவி அந்த உறையை வெளியே எடுத்தாள்.

"மே கவுத?" என்றாள். யார் இது?

"அய்யா" என்றேன். அண்ணன் என்று சிங்களத்தில்.

அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, நல்ல படமாக இருக்கிறதே, எந்த ஸ்டூடியோவில் எடுத்தது என்று கேட்டாள். தன்னுடைய அடையாள அட்டைப் படத்தில் தான் பிசாசு மாதிரி இருப்பதாகவும், லீவில் போகுமுன் நல்லதாக ஒன்று எடுக்கவேண்டும் என்றும் சொன்னாள். நான் ஸ்டூடியோ இருக்கிற இடத்தைச் சொன்னேன். வேறென்ன செய்வது? சொன்ன மாதிரியே அடுத்த மாதம் வந்து படமும் எடுத்தாள். எங்கள் ஹாஜியார் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து உபசரித்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

டீச்சருடைய அறைக்குப் போய் உறையைக் கொடுத்தபோது அவர் என்னை உள்ளே கூப்பிட மறந்து வாசலிலேயே நின்றார். படங்களைக் கையில் பரப்பிப் பார்த்தார்.

"அழிஞ்சு போச்சு எண்டல்லோ சொன்னவர்?"

"அழியல டீச்சர். ஹாஜியாருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க. வேணும்னா என்கிட்ட மட்டும் கேளுங்க."

"ஓம். சொல்லமாட்டன்" என்றார்.

அதற்குப் பிறகு டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். பொலிஸில் ஒரு படம் கொடுத்தால், அடுத்த தடவை போகும்போது முதலில் கொடுத்ததைக் காணோம், இன்னொன்று கொண்டுவா என்பார்கள். மனித உரிமைக் கந்தோரில் ஒன்று, கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், ஒன்று, ஒவ்வொரு தடுப்பு முகாம் வாசலிலும் ஒன்று. ஒரு மந்திரியின் ஆளுக்கு ஒன்று, அந்த ஆளுக்கு மேலேயுள்ள ஆளுக்கு ஒன்று. நான் வெள்ளிக்கிழமைகளில் அடித்து வைப்பேன், அவர் சனிக்கிழமைகளில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்வார். எங்கெங்கோ இழுத்து மூடிய மேசை லாச்சிகளில் அந்த மனுசன் சிரித்துக்கொண்டு கிடந்தார். அவர் எங்கே என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் கடைசியில் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

யுத்தம் முடியப்போகிறது என்று எல்லோரும் பேசத் தொடங்கிய காலத்தில் எனக்கு அம்மை போட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டி, அம்மா என்னைப் பாயில் கிடத்திவிட்டார். வெளியே தலை காட்டக் கூடாது, தண்ணி வார்க்கும்வரை வீட்டுக்குள்ளேயே. காய்ச்சல் தூக்கத்தில் எத்தனை அழைப்புத் தவறியதோ, ஒருநாள் பகல் என் கைத்தொலைபேசி அடித்தது கேட்டது. ஹாஜியார்.

"டீச்சர் வந்து ஈக்கி" என்றார்.

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன்.

"நாளைக்கு விடிய வவுனியாவுக்கு ஒரு ஃபாதர் போறாராம். முகாமுகளுக்குள்ள போய்ப் பார்க்க அவருக்கு அனுமதி ஈக்காம். அவர்ட கையில குடுக்க மாப்புளட படம் வேணுமாம். உங்களப் பல தரம் கோல் எடுத்தாம், நீங்க எடுக்கல்லையாம். வேற வழியில்லாம இங்க வந்தெ. எனக்கிட்ட வந்து, தங்கச்சி அடிச்சுத் தாறவ எண்டு சொல்றா. நான் 'போ குடை' போட்டுப் பார்த்த. அப்படி ஒரு இடம் இல்லையாம். இப்ப எனக்கு விளங்கல்ல மகள். டீச்சர் பொய்யா, கம்பியூட்டர் பொய்யா?"

"ரெண்டும் இல்ல ஹாஜியார். நான்தான்."

கவுண்டரில் யாரோ சிங்களத்தில், படம் எப்போது கிடைக்கும் என்று கேட்பது மட்டும் கேட்டது.

"ஒன்ன நான் பொறகு கவனிச்சிக்கொள்றன்" என்றார். என்னை ஒருநாளும் நீ என்று பேசாத மனுசன். "இப்ப வழியச் சொல்லு."

நான் சொல்லத் தொடங்கினேன். 'போ' இல்லை ஹாஜியார், சீ டீ. அப்புறம் வருடம். தட்டி என்டர் பண்ணுங்க. அடுத்தது மாதம். எல்லாம் சின்ன எழுத்து. அடுத்தது சமயம். ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லி, இரண்டு விரலால் தட்டி, "வந்திட்டன், சொல்லு" என்றார். கோயிலின் பெயரையும் தாண்டினார்.

"இனிமே பேரு ஹாஜியார். முழுப் பேரு. வெளியில ஆள் இருக்கா?"

"ரெண்டு ஆமிக்காரர் ஈக்காங்கொ."

"அப்ப அவங்க போனதும் கூப்பிடுங்க."

"போறாங்க இல்ல. படம் காயும்வரைக்கும் நிப்பாங்க. டீச்சருக்குப் பஸ் போயிரும்." மூச்சை இழுத்துவிட்டார். "சொல்லு."

நான் டீச்சருடைய கணவரின் பெயரைச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னார், முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு. அந்தக் கடைக்குள் அந்தப் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. தட்டினார். பிழை என்று வந்தது. ஓர் எழுத்து எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. மறுபடி தட்டினார். மறுபடி பிழை.

அப்போது டீச்சரின் குரல் கிட்டே வந்தது. திரைச்சீலையைத் தாண்டி உள்ளே வந்திருக்கவேண்டும். ஒவ்வோர் எழுத்தாக, இங்கிலீஸில், தடுமாறாமல் சொன்னார். அந்த வேகம் எனக்குத் தெரியும். எத்தனையோ கந்தோர் ஜன்னல்களில் நின்று சொல்லிப் பழகிய வேகம். ஹாஜியார் ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. என்டர் தட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ். வந்திட்டன்" என்றார்.

டீச்சர் நிறுத்தவில்லை. பெயர் முடிந்ததும் அதே குரலில், கேட்காமலே, கணவருடைய அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னார். பிறந்த திகதியைச் சொன்னார். அவரை இறக்கிய பஸ்ஸின் நம்பரைச் சொன்னார். நீலக் கோடு போட்ட சேட், கறுத்த காற்சட்டை, இடது கையில் மணிக்கூடு என்று சொல்லிக்கொண்டு போனார்.

"டீச்சர், டீச்சர்" என்று ஹாஜியார் சொல்வது கேட்டது. "இங்க அதொண்டும் தேவையில்ல டீச்சர். இருங்கொ. இந்தக் கதிரையில கொஞ்சம் இருங்கொ."